கனகா என்றொரு சொல்

கனகம் என்றால் பொன். கனகசபை என்றால் பொன்னம்பலம். பெற்ற பெண்ணுக்குக் கனகா என்று பெயர் சூட்டிவிட்டு, அவள் கழுத்தில் குன்றிமணிப் பொன் பூட்டவும் வழியின்றிக் கலங்கி நிற்கும் பெற்றோரை நம் நாட்டில் எத்தனையோ கண்டிருக்கிறோம். பொன்னைக் காணாத வீட்டிலும் பொன்னின் பெயர் உண்டு.

அதே சொல்லை, ககரத்தைச் சற்றே அழுத்தி, பசிபிக் பெருங்கடலின் நடுவே கிடக்கும் ஹவாய்த் தீவில் சொன்னால், பொன் என்று எவரும் கொள்ளார். கனகா என்றால் அங்கே மனிதன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக் கரும்புத் தோட்டத்தில் அதே சொல் ஒலித்தபோது, அது கங்காணியின் வாயிலிருந்து வந்த வசை. நியூ கலிடோனியா என்னும் தீவிலோ, அதே சொல் இன்று ஓர் இனம் தலை நிமிர்ந்து தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயர்.

ஒலி ஒன்று, பொருள் நான்கு. இந்த நான்கில் எவை உறவினர், எவர் வழிப்போக்கர்? காதால் மட்டும் கேட்டு முடிவு கட்டுவோர் எளிதில் ஏமாறுவர். ஏமாந்தவர்களில் பேராசிரியப் பெருமக்களும் உண்டு. ஆகவே, தோழர்களே, சற்றுப் பொறுமையுடன் இந்தச் சொல்லின் வழித்தடத்தைத் தொடர்வோம்.

ஹவாய் மொழி தனி மொழியன்று. ஆப்பிரிக்காவை ஒட்டிய மடகாஸ்கர் மேற்கு எல்லை, தென் அமெரிக்காவை நோக்கித் தனித்து நிற்கும் ஈஸ்டர் தீவு கிழக்கு எல்லை, வடக்கே தைவான், தெற்கே நியூசிலாந்து. இந்த நான்கு மூலைக்குள் பரவிக் கிடக்கும் ஒரு பெருங்குடும்பத்தில் அதுவும் ஒன்று. மலாய், ஜாவா மொழி, பிலிப்பைன்சின் தகாலோகு, பிஜி, சமோவா, தோங்கா, மாவோரி என்று ஏறத்தாழ 1200 மொழிகள் அக்குடும்பத்தைச் சேர்ந்தவை. தென்காற்றைக் குறிக்கும் இலத்தீன் சொல்லையும், தீவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் ஒட்டி, ஆஸ்ட்ரோனேசியம் என்று அறிஞர் அதற்குப் பெயர் வைத்தனர். தென்காற்றுத் தீவுமொழிகள் என்று நாம் சொல்லிக் கொள்ளலாம்.

இந்த உறவு ஒரே நாளில் தெரிந்துவிடவில்லை. பிரடெரிக் டி ஹௌட்மன் என்ற டச்சு மாலுமி, சுமத்திராவின் ஆச்சே நாட்டில் சிறைப்பட்டுக் கிடந்த காலத்தில் மலாய் கற்றார். 1603ஆம் ஆண்டு அவர் அச்சிட்ட சொற்பட்டியலில் மலாயும் மடகாஸ்கர் மொழியும் இடம் பெற்றன. 1708இல் ரெலாண்டு என்ற டச்சுப் புலவர், கடலோடிகள் குறித்து வந்த சொற்களை வைத்துக்கொண்டு, மடகாஸ்கரும் மலாயும் பசிபிக் தீவுகளும் ஒரே மொழித் தொடர்பு உடையவை என்று எடுத்துக் காட்டினார். 1769இல் கப்பல் தலைவர் குக் நியூசிலாந்தில் இறங்கியபோது, உடன் வந்தவர் தாகித்தித் தீவுப் பகுதியைச் சேர்ந்த துபாயா. அவர் வாய் திறந்ததும் கரையில் நின்ற மாவோரி மக்களுக்கு அவர் பேச்சு விளங்கியது! ஆயிரக்கணக்கான கல் தொலைவுக் கடல் நடுவே கிடந்தும் பேச்சு அறுந்து போகவில்லை.

பசிபிக் தீவினரில் பெரும்பாலோர்க்குக் கல்வெட்டு இல்லை, செப்பேடு இல்லை, ஓலைச்சுவடி இல்லை. அவர்கள் வரலாறு பொறிக்கப்பட்ட ஏடு அவர்களின் நாவே. அந்த ஏட்டைப் படிக்க எழுத்து வேண்டுமல்லவா? ஒலிமாற்ற விதிகளே அந்த எழுத்து.

மனிதனுக்கு மாவோரியில் ‘தங்கத்தா’. தோங்கா, சமோவா ஆகிய தீவுகளிலும் அதுவே. (தங்கம் என்று உடனே துள்ள வேண்டா! இது தங்கமும் அன்று.) இந்தத் ‘தங்கத்தா’தான் ஹவாயில் ‘கனகா’ ஆயிற்று. எப்படி? அங்கே பழைய தகரம் முழுவதும் ககரமாக மாறிற்று. ‘ங’ ஒலி ‘ன’ ஒலியாக மாறிற்று. ஒரு சொல்லில் மட்டும் அன்று. வருகின்ற இடமெல்லாம் மாறிற்று. கண்ணுக்கு மாவோரியிலும் சமோவாவிலும் ‘மாத்தா’; ஹவாயில் ‘மாக்கா’. மூன்றுக்கு மாவோரியில் ‘தோரு’, ஹவாயில் ‘கோலு’. தகரம் போன இடத்தில் ககரம் வந்து அமர்ந்தது என்றால், முன்பு அங்கிருந்த ககரம் என்னவாயிற்று? அது தொண்டைக்குள் இறங்கி ஒரு விக்கலாகச் சுருங்கிவிட்டது. பேனுக்கு மலாயிலும் மாவோரியிலும் ‘குத்து’, தகாலோகில் ‘குத்தோ’, ஹவாயில் ‘உக்கு’. முதல் ககரம் விக்கலாயிற்று, நடுத் தகரம் ககரமாயிற்று. விதி இரண்டும் ஒரு சொல்லிலேயே வேலை செய்திருக்கின்றன. உகுலேலே என்று உலகெங்கும் மீட்டப்படும் அந்தச் சிறு நரம்புக் கருவியின் பெயரில் ஒளிந்திருப்பதும் இதே ‘உக்கு’தான். பேன்கூட மொழியறிஞனுக்குச் சாட்சி சொல்ல வருகிறது; நம் புராணிகர்களைவிட நாணயமான சாட்சி!

இப்போது நம் கனகத்திற்கு வருவோம். வடமொழியின் கனகம் எந்த நாளிலும் ‘தங்கத்தா’வாக இருந்ததில்லை. ஹவாயின் கனகா முன்பு தகரம் உடையதாய் இருந்தது. ஆகவே இரண்டும் இன்று ஒரே உடை உடுத்தி நிற்கும் இரு வேறு ஆட்கள். சந்தையில் எதிர்ப்பட்ட இருவர் ஒரே நிறச் சட்டை போட்டிருந்தால் உடன்பிறந்தார் ஆகிவிடுவரா?

இப்படி ஒரே சட்டை போட்டு வரும் அயலார் ஏராளம். அவர்களில் மிகச் சுவையானவர் மனு.

பாலினேசியத் தீவுகளில் ‘மனு’ என்றால் பறவை. மாவோரியிலும் மனு, ஹவாயிலும் மனு. ஜாவாவில் ‘மனுக்’ என்பர். தகாலோகில் ‘மனோக்’ என்றால் கோழி. சொல்லின் ஈற்றில் நின்ற மெய்யைப் பாலினேசியர் உதிர்த்துவிட்டனர், ‘மனுக்’ ‘மனு’வாயிற்று. அங்கே மனு மரத்தில் கூடு கட்டியது. இங்கே அந்தப் பெயர் கொண்ட வேறொன்று மனிதர் தலையில் கூடு கட்டி, நாலு வருணக் குஞ்சுகளைப் பொரித்தது. பெயர் ஒன்று என்பதால் அந்தப் பாவமறியாப் பறவையின் மீது நாம் பழி சுமத்தலாமா?

அடுத்து வருவது ‘சிவா’. தைவான் தீவின் தொல்குடியினரான அமிஸ் மக்கள் மொழியில் சிவா என்றால் ஒன்பது! கடவுளும் இல்லை, கயிலையும் இல்லை. எட்டுக்கு அடுத்தது, பத்துக்கு முந்தியது. மடகாஸ்கரில் அது ‘சிவி’. மாவோரியிலும் ஹவாயிலும் முதல் ஒலி தேய்ந்து ‘இவா’. பாலித் தீவில் சிவா என்றால் கடவுட்பெயர்தான். ஆனால் அது இந்தியாவிலிருந்து சென்ற இரவல். இதை மட்டும் நம் ஊர்ச் சொற்பொழிவாளர் ஒருவர் கேள்விப்பட்டால் போதும்; தைவான் காட்டில் திருநீற்று மணம் கமழ்ந்தது என்றும், ஒன்பது என்பது நவசக்தியைக் குறிப்பதென்றும், மூன்று நாள் தொடர் விரிவுரை நடந்துவிடும்!

மாவோரியில் ‘ரா’ என்றால் கதிரவன். பழைய எகிப்தியரின் கதிரவக் கடவுளும் ரா. விடுவார்களா? எகிப்தியரே உலகெங்கும் சென்று நாகரிகம் விதைத்தனர் என்று வாதாடிய பெர்ரி என்ற ஆங்கிலேயர், ‘கதிரவனின் மக்கள்’ என்னும் பெயரில் 1923இல் ஒரு பெருநூலே எழுதினார். அந்தக் காற்று வீசிய காலத்தில் இத்தகைய ஒப்புமைகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் தோங்காவில் கதிரவன் ‘லஆ’. முதலில் லகரம், நடுவே ஒரு விக்கல், பின் நெடில். மாவோரியின் ரகரம் பழைய லகரத்தின் வழி வந்தது. விக்கல் விழுந்து இரு உயிர்களும் ஒன்றாயின. பழைய வடிவத்தைப் பார்த்தவுடன் எகிப்து எங்கோ ஓடிவிடுகிறது. இன்னொன்று: மாவோரியில் பாய்மரத்தின் பாய்க்கும் பெயர் ‘ரா’தான். கதிரவனும் பாயும் அங்கே ஒலியில் ஒன்றானது பின்னர் நேர்ந்த நெரிசல். தோங்காவில் பாய் வெறும் ‘லா’, கதிரவன் ‘லஆ’.

இதுவரை கண்டவை, ஒலி ஒத்துப் பொருள் வேறானவையும், ஒலியும் பொருளும் ஏறக்குறைய ஒத்தவையும். இரண்டும் ஒத்துவிட்டால் உறவு உறுதிதானே என்று கேட்கலாம். இல்லை! மலாயில் கண்ணுக்கு ‘மாத்தா’. இன்றைய கிரேக்க மொழியில் கண்ணுக்கு ‘மாத்தி’. இதைவிட நெருக்கம் வேண்டுமா? ஆயினும் கிரேக்க ‘மாத்தி’, கண்ணைக் குறித்த ‘ஒம்மா’ என்ற பழஞ்சொல்லின் குறுமை வடிவமான ‘ஒம்மாத்தியோன்’ தலையும் காலும் தேய்ந்து மிஞ்சியது. அமெரிக்க மொழியறிஞர் புளூம்பீல்டு 1933இல் எழுதிய நூலில் இந்த இணையை எடுத்துக் காட்டி, தற்செயல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை விளக்கினார். மலாய்க்காரரிடம் சென்று ‘மாத்தி’ என்றால், இறந்துபோவது என்றே அவர் கொள்வார்!

பொருள் ஒத்தும் உறவில்லை, இது ஒருபுறம். பொருள் மாறியும் உறவு உண்டு, இது மறுபுறம். மலாயில் ‘லீமா’ என்றால் ஐந்து; ஹவாயில் ‘லீமா’ என்றால் கை. இவை இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். கைவிரலை எண்ணித்தானே மனிதன் ஐந்து என்றான்! சமோவாவில் இன்றும் ஒரே சொல் இரண்டையும் குறிக்கிறது. மாவோரியில் ‘ரீமா’, மடகாஸ்கரில் ‘திமி’. பெரு நாட்டின் தலைநகர் லீமாவோ, பேசுவது என்று பொருள்படும் கெச்சுவாச் சொல்லால் அமைந்த ஆற்றுப் பெயரின் திரிபு. இலத்தீனில் லீமா என்றால் அரம். இவை இரண்டும் அயலார்.

இனி, ஏமாந்த பெரியவர்களைப் பார்ப்போம்.

பிரான்சு பாப்பு ஜெர்மானியர். ஒப்பியல் மொழிநூலுக்கு அடித்தளம் இட்டவருள் ஒருவர். 1816இல் அவர் வெளியிட்ட நூல் அத்துறையின் வாயிலைத் திறந்தது. அத்தகையவர் 1841இல், மலாய்–பாலினேசிய மொழிகளெல்லாம் சமஸ்கிருதம் சிதைந்து பிறந்தவை என்று எழுதினார். மலாயில் ராஜா உண்டு, குரு உண்டு, பஹாசா உண்டு. ஆனால் இவை வாணிகமும் அரசும் சமயமும் கொண்டுவந்த இரவல் நகைகள். எண்ணுப்பெயரும் உறுப்புப்பெயருமே உடல். மலாயில் இரண்டுக்கு ‘துவா’, வடமொழியில் ‘த்வ’, இலத்தீனில் ‘துவோ’. பார்க்கும் கண் மயங்கத்தான் செய்யும். ஆனால் மாவோரியில் அது ‘ருவா’, தகாலோகில் ‘தலவா’, அமிஸ் மொழியில் ‘தோசா’. அந்தத் ‘தோசா’வின் நடுவே நிற்கும் சகரம் பழஞ்சொல்லின் எலும்பு. மலாயில் அது கரைந்துபோனதால்தான் ‘துவா’ வடமொழியின் சாயலைப் பெற்றது. குடும்பத்துப் பெரியவர் வந்து நின்றதும் பொய்யுறவு கலைந்தது.

தமிழும் தெலுங்கும் வடமொழியின் பெயர்த்திகள் என்று ஒரு காலத்தில் ஓதப்பட்டதை நாம் மறக்கவில்லை. பாப்பு தம் முதல் நூலை வெளியிட்ட அதே 1816இல், சென்னையில் எல்லிஸ் என்ற கலெக்டர், தெலுங்கு தமிழ் கன்னட வேர்ச்சொற்களை வரிசைப்படுத்தி, இவை தனிக்குடும்பம் என்று காட்டினார். 1856இல் கால்டுவெல் அதை விரிவாக நிறுவினார். அவர்கள் நம் மீது கொண்ட அன்பால் அது நிலைபெறவில்லை, விதியொழுங்கால் நிலைபெற்றது.

எட்வர்டு திரேகர் என்பார் நியூசிலாந்தில் குடியேறிய ஆங்கிலேயர். 1885இல் வெலிங்டன் நகரில் ‘ஆரிய மாவோரி’ என்று ஒரு நூல் வெளியிட்டார். மாவோரிகள் ஆரியரே என்பது அவர் துணிபு. மாட்டையே காணாத தீவினர் பேச்சுக்குள் பசுவின் பெயர் ஒளிந்திருக்கிறது, ஆகவே அவர்களின் முன்னோர் பசு மேய்த்தவர் என்று சொல்லுக்குச் சொல் தோண்டினார். அட்கின்சன் என்ற மற்றொரு குடியேறி, அடுத்த ஆண்டே அதே முறையைக் கையாண்டு நகைச்சுவையாக ஒரு மறுப்பு எழுதி, நூலைச் சிரிப்புக்கு இடமாக்கினார். இன்று மாவோரி மொழியில் பசுவுக்குப் பெயர் ‘கவு’. ஆங்கிலேயர் கொண்டுவந்த மாடு. அவர்கள் கொண்டுவந்த சொல்!

திரேகரைத் தீயவர் என்று தள்ளிவிட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொழிலாளர் துறையின் செயலாளராக இருந்து உழைப்பாளர் நலச் சட்டங்களுக்குத் துணை நின்றவர் அவர். 1891இல் அவர் தொகுத்த மாவோரி–பாலினேசிய ஒப்பீட்டு அகராதி பயனுள்ள உழைப்பு. நல்லெண்ணத்தோடுதான் மாவோரியை ஆரியன் ஆக்கினார். அப்படி ஆக்கினால் உயர்வு என்று நம்பினார். கேடு அங்கேதான் இருக்கிறது. ஓடத்தின் பக்கத்தே மிதவைக் கட்டை பூட்டி, விண்மீனையும் அலையின் போக்கையும் பார்த்து, உலகின் மிகப் பெரிய கடலைக் கடந்தவர்கள் அவர்கள். பாய்க்கு மலாயில் ‘லாயர்’, தகாலோகில் ‘லாயக்’, மடகாஸ்கரில் ‘லாய்’, சமோவாவில் ‘லா’, மாவோரியில் ‘ரா’. பிரிந்து செல்லும் முன்பே பாய் கட்டத் தெரிந்தவர்கள் என்பதற்கு இந்தச் சொல் வரிசையே சான்று. அந்தப் பெருமையைப் பறித்து, ஒரு முறை எகிப்தியனுக்கும் ஒரு முறை ஆரியனுக்கும் பட்டா எழுதிக் கொடுத்தார்கள்.

நம்மவரும் இந்த விளையாட்டுக்கு விலக்கல்ல. ஹவாயில் ‘கப்பு’ என்றால் விலக்கப்பட்டது. உடனே தமிழன்பர் ஒருவர் எழுந்து, “ஆகா, இது நம் காப்பு! அம்மன் கோயிலில் காப்புக் கட்டிவிட்டால் ஊர் எல்லை தாண்டக் கூடாது என்ற விலக்கு உண்டல்லவா?” என்பார். ஹவாயின் ககரம் பழைய தகரம் என்பதை அவருக்கு நினைவூட்டி, தோங்காவில் அச்சொல் ‘தப்பு’ என்று சொன்னால், அவர் இன்னும் மகிழ்ந்து போவார்: “அப்படியானால் அது நம் தப்பேதான்! செய்தால் தப்பு, அதனால்தான் விலக்கு!”

காப்பு போய்த் தப்பு வந்தது. அன்பருக்குத் தோல்வியே கிடையாது. இப்படி எந்தப் பக்கம் திருப்பினாலும் வெற்றி தரும் முறை ஆய்வு முறையன்று, சோதிடம். பிஜியில் அச்சொல் ‘தம்பு’ என்று ஒலிக்கிறது. மெல்லினம் தழுவிய அந்த வடிவமே பழமைக்கு நெருக்கமானது. நம் தப்பு இரட்டைப் பகரம் உடையது. அதன் பொருளோ குறி பிழைத்தல், நழுவுதல். தப்பித்தான் என்கிறோமே, அந்தத் தப்பு. விலக்கு என்ற பொருளே அதில் இல்லை. பார்ப்பனப் புராணிகர் சொன்னால் சான்று எங்கே என்று மடக்கும் நாம், நமக்குப் பெருமை தருவது போல் ஒன்று வந்தால் மட்டும் சான்று கேட்க மறப்பது எந்த நீதி?

தமிழுக்கு அக்கடல்களில் மெய்யான தடம் உண்டு. அதற்குப் பொய்யான தடம் வேண்டியதில்லை. மலாயில் கப்பல் ‘கபால்’, கடை ‘கெடாய்’, பெட்டி ‘பெத்தி’, முதல் ‘மோடால்’, திரை ‘திராய்’, சுருட்டு ‘செருத்து’. ‘கோலாம்’ என்று அவர்கள் சொல்லும்போது வாசற்கோலம் என்று மயங்கக் கூடாது. அது நம் குளம். கலம் ஏறிச் சென்ற வணிகர் சரக்கோடு கொண்டு சென்ற சொற்கள் இவை. மாப்பிள்ளை அங்கே போய் ‘மெம்பெலாய்’ ஆனார். ஆன பிறகு ஆண் என்ற தனியுரிமையை இழந்துவிட்டார். மலாயில் மணமகனும் மெம்பெலாய், மணமகளும் மெம்பெலாய். மாப்பிள்ளை முறுக்கு கடல் கடக்கவில்லை!

நியூசிலாந்தில், 1836ஆம் ஆண்டையொட்டி, வாங்கரெய் பகுதியில் மாவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு வேகவைத்துக் கொண்டிருந்த வெண்கலப் பாத்திரம் ஒன்றைக் கொலென்சோ என்ற பாதிரியார் கண்டார். அது பாத்திரமன்று, உடைந்த மணி. அதில் தமிழ் எழுத்து. முகமதியத் தமிழர் ஒருவரின் பெயர். அவர் கப்பலின் மணி என்ற செய்தி. இன்று அது வெலிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மணி தமிழ், அதில் கிழங்கு வேகவைத்தவர் பேச்சு மாவோரி. பாத்திரம் தமிழென்பதால் பேச்சும் தமிழாகிவிடாது.

ஹவாயின் ‘கப்பு’வை விட்டு எளிதில் நகர முடியவில்லை, அச்சொல்லுக்குள் ஒரு புரட்சி புதைந்து கிடக்கிறது. கப்பு என்ற பெயரால் அங்கே ஆணும் பெண்ணும் ஒன்றாய் அமர்ந்து உண்ணக் கூடாது. பெண் பன்றியிறைச்சி தொடக் கூடாது. தேங்காய் தின்னக் கூடாது. வாழைப்பழ வகைகளில் பெரும்பாலானவை அவளுக்கு விலக்கு. மீறினால் உயிரே போகும். 1819 மே திங்களில் தீவுகளை ஒன்றாக்கி ஆண்ட கமேகமேகா மன்னர் மாண்டார். அவர் மனைவியருள் ஆற்றல் மிக்க காஅகுமனு, புதிய மன்னரோடு ஆட்சியில் பங்கேற்றார். அவரும், மன்னரின் தாயார் கெயோபுவோலானியும் அந்த விலக்கை ஒழிக்க முனைந்தனர். அவ்வாண்டு நவம்பரில், பலர் கூடிய விருந்தில், இளமன்னர் லிகோலிகோ எழுந்தார், பெண்கள் அமர்ந்திருந்த பந்திக்குச் சென்றார், அமர்ந்தார், உண்டார்!

வானம் இடியவில்லை. கடல் பொங்கவில்லை. உண்ட சோறு செரித்தது. கோயில்களை இடிக்கவும், படிமங்களை எரிக்கவும் ஆணை பிறந்தது. பழைமையைக் காக்க மன்னரின் உறவினர் கெகுவாவோகலானி படை திரட்டினார். டிசம்பரில் குவாமோஒ என்ற இடத்தில் போரில் மடிந்தார். அவர் மனைவி மனோனோவும் உடன் நின்று போரிட்டு மடிந்தார். அமெரிக்கப் பாதிரிமார் முதல் முதலாகக் கரையிறங்கியது அதற்கு அடுத்த ஆண்டு, 1820இல். வெளியார் வந்து திருத்தினார் என்ற கதைக்கு இங்கே இடமில்லை. தோங்காவில் 1777இல் குக் கேட்டுக் குறித்துச் சென்ற அதே சொல் ஆங்கிலத்தில் ‘டாபு’ என்றாகி உலகெல்லாம் சுற்றுகிறது. ஹவாயிலோ கடவுளை இழந்த அச்சொல், வேலியில் தொங்கும் பலகைக்கு வந்து சேர்ந்தது: கப்பு, அதாவது, உள்ளே நுழையாதே.

கனகாவின் கதை இதற்கு எதிர்த்திசையில் நடந்தது. திமிங்கல வேட்டைக் கப்பல்களில் ஹவாய் இளைஞர் பலர் மாலுமிகளாயினர். தம்மை அவர்கள் கனகா என்றனர், மனிதர் என்றனர். வெள்ளை மாலுமிகள் அந்தச் சொல்லை எடுத்துத் தீவினர் அனைவர்க்கும் பொதுப்பெயராக்கினர். 1863 ஆகஸ்டில் ‘டான் வான்’ என்ற கப்பல் 67 தீவினரைப் பிரிஸ்பேனில் இறக்கியது. ராபர்ட் டவுன்ஸ் என்ற முதலாளியின் பருத்தித் தோட்டத்திற்கு. பிறகு கரும்புத் தோட்டங்கள் வாய் பிளந்தன. 1904 வரை ஏறத்தாழ 62,000 ஒப்பந்தங்களின் பேரில், இன்று வனுவாட்டு எனப்படும் தீவுகளிலிருந்தும் சாலமன் தீவுகளிலிருந்தும் ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். ஏமாற்றியும் பிடித்தனர், கடத்தியும் சென்றனர். அந்த ஆட்பிடி வேட்டைக்கு வெள்ளையர் வைத்த பெயர் ‘கரும்பறவை பிடித்தல்’. வெயிலில் வெட்டிய கரும்புக்கு வெள்ளைச் சர்க்கரை கிடைத்தது. வெட்டியவனுக்குக் ‘கனகா’ என்ற இழிபெயர் கிடைத்தது. 1901இல் வெள்ளை ஆஸ்திரேலியா வேண்டும் என்று சட்டம் செய்து, உழைத்தவர்களைக் கப்பலேற்றி விரட்டவும் செய்தனர்.

அதே கடலில், பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு 1879 முதல் 1916 வரை ஏறத்தாழ 60,000 இந்தியர் கொண்டு செல்லப்பட்டனர். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழரும் தெலுங்கரும் சென்றனர். அவர்களுக்குக் கிடைத்த பெயர் கூலி. குஜராத்தின் கோலியர் பெயரிலிருந்து அது வந்தது என்பாரும் உளர். ஆயினும் வேலைக்குத் தரும் ஊதியத்தைக் குறித்த நம் கூலி என்ற சொல் அதில் கலந்திருப்பதைக் காது மறுக்காது, பொருளும் மறுக்காது. ஒரு தோட்டத்தில் மனிதன் என்ற சொல் வசையாயிற்று. மறு தோட்டத்தில் ஊதியம் என்ற சொல் மனிதனுக்குப் பெயராயிற்று. ஒலிமாற்றத்திற்கு விதி உண்டு என்றோம். இந்தப் பொருள்மாற்றத்திற்கும் விதி உண்டு. அது சவுக்கைப் பிடித்த கையில் இருந்தது.

நியூ கலிடோனியாவைப் பிரெஞ்சுக்காரர் 1853இல் கைப்பற்றினர். அத்தீவின் தொல்குடியினர் 28 மொழிகள் பேசுவோர். கனகா அவற்றுள் எதற்கும் உரிய சொல்லன்று. கப்பலோடு வந்து, ஆண்டவர் வாயில் ‘கனாக்’ என்றாகி, அவர்கள் மீது எறியப்பட்டது. 1878இல் நிலம் பறிகொடுத்தோர் கிளர்ந்தெழுந்தனர். தலைவர் அத்தாயி கொல்லப்பட்டு, அவர் தலை பாரிசுக்குக் கொண்டு செல்லப்பட்டது. அது தாயகம் திரும்பியது 2014இல்! 1931இல் பாரிசில் குடியேற்றக் கண்காட்சி நடந்தபோது, இந்த மக்களை அழைத்துச் சென்று, விலங்குத் தோட்டத்தில் நிறுத்தி, ‘மனிதரைத் தின்னும் கனாக்குகள்’ என்று சீட்டு விற்றுக் காட்டினர். மனிதன் என்று பொருள்படும் சொல்லைக் கழுத்தில் மாட்டி, மனிதரை விலங்காக நிறுத்தினர்.

1969இல் பிரான்சில் பயின்று திரும்பிய மாணவர்கள் ‘செந்துண்டர்’ என்ற அணி கண்டனர். வசையை மறுக்கவில்லை, வாங்கி நெற்றியில் ஒட்டிக்கொண்டனர். ஆம், நாங்கள் கனக் என்றனர். பிரெஞ்சு எழுத்துக்கூட்டலைத் தூக்கி எறிந்து, சொல்லின் தலையிலும் காலிலும் தீவுமொழிகளுக்குரிய ககர எழுத்தை வைத்தனர். 1975இல் ழான்-மரி சிபாவு முன்னின்று நடத்திய பெருவிழாவில், பல மொழி பேசும் குடியினர் அந்த ஒரு பெயரின் கீழ்த் திரண்டனர். 1998இல் கையெழுத்தான நூமேயா உடன்பாட்டில் பிரெஞ்சு அரசே அந்தப் பெயரை எழுதிற்று. பிரெஞ்சு இலக்கணத்தில் இத்தகைய பெயருக்குப் பெண்பாலுக்கு ஓர் ஈறு சேரும். பன்மைக்கு ஓர் ஈறு சேரும். இந்தச் சொல்லுக்கு மட்டும் அவ்வுடன்பாட்டில் எந்த ஈறும் சேர்க்கவில்லை. ஆணானாலும் பெண்ணானாலும், ஒருவரானாலும் ஓராயிரவரானாலும், அங்கே எழுதியிருப்பது கனக்.